பத்து நாள் கழிச்சு இடிங்க

வண்டிய அணைங்க தம்பி, முதல்ல அணைங்க. நான் பேசுறது எனக்கே கேக்கல. ஆங்... இடிக்கத்தான் வந்திருக்கீங்க, தெரியுது. பொக்லைன் ஓட்டிக்கிட்டுப் பூப்பறிக்கவா வருவீங்க? அஞ்சு நிமிஷம். இந்தப் போனப் பாருங்க.

அதோ பின்சுவத்துல ஒரு மரப்பெட்டி அடிச்சிருக்கு பாத்தீங்களா, அதோட உள்பக்கம்தான் இது. உள்ள கேமரா இருக்கு. சிட்டுக்குருவி. நாலு குஞ்சு. கண்ணு இன்னும் சரியாத் தெறக்கல, வாய மட்டும் எப்படிப் பொளக்குதுங்க! அப்படியே எங்க மச்சான் சாயல்.

இந்தா, புழுவோட வருதே, இவதான் ஆத்தாக்காரி. புருஷன்காரன் ஒரு நட வந்துட்டுப் பத்துத் தடவ கத்துவான், குடும்பத்தையே தான்தான் தாங்குற மாதிரி.

சிரிக்காதீங்க. நான் பழைய சாமான் வாங்கி விக்கிறவன். சந்தையில வாங்குன அடிதான் நம்ம படிப்பு. பொறந்த கொழந்தையக் காட்டுனாக்கூட எடைய எவன் போட்டான்னு கேக்குற ஆளு. நானே இதப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்னா யோசிங்க.

என்னது? பெட்டியக் கழட்டி மரத்துல மாட்டுறதா? நீங்க வேலைக்குப் போன நேரத்துல உங்க வீட்டத் தூக்கி அடுத்த தெருவுல வெச்சா, சாயங்காலம் எங்க போய் நிப்பீங்க? சரி, குருவி வந்துடும்னே வெச்சுக்குவோம். கேமராவுக்குக் கரண்டு? ஒயரு வீட்டுக்குள்ளேர்ந்துல்ல வருது.

கேமரா ஓடலன்னா என்னவா? நல்லாக் கேட்டீங்க போங்க. என் வீட்டுக்காரி இந்தப் பெட்டிய மாட்டத்தான் ஸ்டூல்ல ஏறி விழுந்து, இடுப்பெலும்பு ஒடஞ்சு ஒரு மாசமா ஆஸ்பத்திரியில கெடக்கா. பொழுதன்னைக்கும் போன்ல இதத்தான் பாக்குறா. போன வாரம் கரண்டு போச்சு. படம் நின்ன பத்தாவது நிமிஷம் அவ தம்பி வாசல்ல நிக்கிறான், அக்கா பாத்துட்டு வரச் சொன்னுச்சுன்னு. வாசலோட பேசி அனுப்புறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திருச்சு.

ஆமாம்பா, வித்தது நான்தான். யாரு இல்லன்னா? இருபது நாளாச்சு. சீக்கிரம் காலி பண்ணித் தரேன்னு சொல்லித்தான் வெலைய ஏத்தினேன். இன்னிக்கே இடிச்சுக்கோங்கன்னு தேதி குறிச்சுக் குடுத்ததும் நான்தான். அன்னிக்கு அந்தப் பெட்டியில வெறும் வைக்கோல்தான் கெடந்துது. வாங்குறவன் மூஞ்சியப் பாத்துப் பேரம் பேசினேனே ஒழிய, குருவி மூஞ்சிய எவன் பாத்தான்?

வாங்கினவரு திட்டுவாரா? வண்டி ரிப்பேருன்னு சொல்லுங்க. உங்க பத்து நாள் கூலிய நான் தரேன்... சரி, அஞ்சு நாள் கூலி. அட, முறைக்காதீங்க, பத்தே இருக்கட்டும். பேரம் பேசுற நெலமையிலயா இருக்கேன்?

குஞ்சுங்க பறந்துட்டா அவளே போன மூடி வெச்சிடுவா. அப்புறம் ஒயரப் புடுங்குங்க, சுவத்தச் சாய்ங்க, நானே கூட நின்னு செங்கல் பொறுக்குறேன். பத்தே நாளு தம்பி. அதுக்குள்ள எப்படியாவது, வீட்ட வித்துட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுறேன்.