கடல்பசுவுக்குக் கெட்டிமேளம்

"வலையில மாட்டிச் சாகுற கடல்பசுவுக்குக் கெட்டிமேளமாம்மா?"

பட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த தவில்காரர், எதிர் சீட்டுப் பெண்ணிடம் கேட்டார். அவள் மடியில் லேப்டாப். கடல்பசுவைக் காப்பாற்றச் சொல்லி அன்று மாலை அவள் ஊர்க் கடற்கரையில் நிகழ்ச்சி. அவள் திரையில் படம் ஓட்ட, இவர் கூடவே வாசிக்க வேண்டும் என்பது பேச்சில் புரிந்தது.

"சத்தமா இருந்தாத்தானே அண்ணே திரும்பிப் பார்ப்பாங்க?"

"பார்ப்பாங்க. பழக்கதோஷத்துல அட்சதையும் போடுவாங்க! வலையை அறுத்து அதை வெளிய விடுறப்ப வாசிக்கிறேன். அந்தப் படத்தைப் போடு."

"அது இல்லண்ணே."

"எடுக்கலையா?"

"நடந்தாத்தானே எடுக்க? எங்க ஊர்ல இதுவரைக்கும் யாரும் அறுத்து விட்டதில்ல. வலை போடுற எங்கப்பாவும்தான்."

சீட்டுக் கம்பியில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவர் விரல்கள் நின்றன.

"அப்ப மாட்டுனதோட படத்தை நிறுத்திடு. நான் குச்சியை ஓங்கினபடி உக்காந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம்ணே?"

"உங்கப்பா எந்திரிச்சு, ஏன்யா வாசிக்கலைன்னு கேக்குற வரைக்கும்."