ஒன்பதாவது லாகர்

ராத்திரி ஒன்று ஐம்பது. பாகூர் தாண்டி சோரியாங்குப்பம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. ஒரு விளக்கு கிடையாது. கலைச்செல்வன் வண்டியை விரட்டிக்கொண்டு போகிறான். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பேசுவதற்கு யாரும் கூப்பிடவில்லை. அது எச்சரிக்கை மணி.

சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்து போகிறவனை எனக்குப் பிடிக்காது. குடோனுக்குக் கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், உட்காருங்கள். கலைச்செல்வன் யாரென்றால், நம் ஷிப்டில் இருக்கிற நவீன்குமாரின் அக்கா புருஷன். வில்லியனூர் பக்கம் வேறொரு மருந்துக் குடோனில் வேலை. மேலே சுவரில் பச்சையாகக் கண் சிமிட்டுகிறதே, தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பா... அந்த டேட்டா லாகரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அறையில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரப்பதம் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து, வைஃபையில் போனுக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அவன் பெண்டாட்டி சுவேதாவுக்கு எட்டாம் மாதமே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் பிள்ளை. ஒன்றரைக் கிலோ. இருபது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்குக் குளிர் ஆகவே ஆகாது, உடம்புச் சூடு முப்பத்தாறரைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவன் ராத்திரி ஷிப்டில் இருந்தபடியே வீட்டைக் கவனிக்க, குடோனில் ஓரமாகக் கிடந்த லாகர் ஒன்றைக் கொண்டுபோய்த் தூளிக்குக் கீழே வைத்தான்.

மே மாதம். ஏசி இல்லாத வீடு. அன்றைக்கு ஒன்று இருபதுக்கு அறையின் சூடு முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு விழுந்தது. ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்குள் போனால்... ஒன்றுமில்லை. புழுக்கம். சுவேதா குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"தெரியலங்க. கால் ரெண்டும் ஜில்லுன்னு ஆயிடுச்சி. மடில போட்டுக்கின அப்புறம்தான் சரியாச்சி."

தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அழுகின பாசி வாடை. கோடையில் குட்டை வற்றும்போது வருமே, அது.

"சென்சார் கோளாறா இருக்கும்பா" என்கிறாய், சாமிநாதா. அவனும் அப்படித்தான் நினைத்தான். வேறு லாகர் மாற்றினான். மறுநாளும் ஒன்று இருபது. மறுநாளும் பத்தொன்பது.

குடோனில் மேப்பிங் செய்வோம் இல்லையா... மூலைக்கு ஒன்று, தரையில், இடுப்பு உயரத்தில், மேலே என்று லாகர் வைத்து, எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர் என்று பார்ப்போம். அதை வீட்டில் செய்தான். ஒன்பது லாகர். வாசலிலிருந்து தூளி வரைக்கும் தரையோடு நான்கு. சுவரில் இடுப்பு உயரத்தில் இரண்டு. பரண்மேல் இரண்டு. ஒன்பதாவதைத் தூளிக்குள்ளேயே, தலைமாட்டில் சேலையோடு சேர்த்துக் கட்டினான்.

காலையில் போனைப் பார்த்தான். அறை குளிரவில்லை. குளிர் ஒன்று அறைக்குள் வந்து போயிருந்தது. ஒன்று பதினொன்றுக்கு வாசல் லாகர் விழுந்தது. மூன்று நிமிடம் கழித்து வாசல் பழையபடி ஏறியது, இரண்டாவது விழுந்தது. அப்புறம் மூன்றாவது. சரியாக ஒன்று இருபதுக்குத் தூளிக்கு நேர் கீழே இருக்கிற நான்காவது. அங்கேயே மூன்றரை வரைக்கும் இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தது. சுவரில் இருந்தவை அசையவே இல்லை. எல்லாம் தரையோடு.

தவழ்ந்து வருகிறது.

நான்காம் நாள், தூளிக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த லாகரும் விழுந்தது. பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பச்சையப்பனிடம் போய்க் கேட்டான். அந்த ஆளின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

"குட்டைய தூத்து மனை போட்டான். ஊரே வேணான்னுது. வாங்கினது நீங்க. என்னாண்ட இன்னாத்துக்கு வர்ற?" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிவிட்டுக் குழந்தையோடு தவளக்குப்பம் போய்விட்டார்கள், சுவேதாவின் அம்மா இளவரசி வீட்டுக்கு. லாகர்கள் மட்டும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தன. அவனுக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்று பதினொன்று. வாசல். இரண்டு. மூன்று. நான்கு. தூளி காலி, தெரிந்துகொண்டு போய்விடும் என்று நினைத்தான். போகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவது லாகர் ஏற ஆரம்பித்தது. முப்பத்திரண்டு... முப்பத்து நான்கு... முப்பத்தாறரை. அங்கேயே நின்றுவிட்டது. பூட்டிய வீட்டில், காலித் தூளிக்குள், ஒரு குழந்தையின் உடம்புச் சூடு.

"மாப்ள, இங்க வாங்க" என்று மாமியார் கூப்பிட்டாள். "புள்ள அழ மாட்டேங்குது."

முப்பத்தைந்து காட்டியது தெர்மாமீட்டர். சுவேதா பிள்ளையின் சட்டையைக் கழற்றி மார்போடு மார்பாக அணைத்துப் படுத்தாள். மேலே இரண்டு போர்வை. முப்பத்து நான்கு. வண்டியை எடுத்தான். ஆஸ்பத்திரியை நோக்கி வில்லியனூர் பக்கம் திருப்பினான். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முப்பத்து மூன்று. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் அரை மணி நேரம்.

"திருப்புங்க" என்றாள் சுவேதா.

"இன்னா சொல்ற நீ?"

"வூட்டுக்குத் திருப்புங்க. தூரமாப் போவப் போவத்தான் இவன் ஜில்லுன்னு ஆவறான்."

எனக்கு அவள்மேல் மரியாதை வருவது அந்த இடத்தில்தான். அவன் அத்தனை நாளும் போனில் கிராஃப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பினான். பாகூர் வந்தபோது முப்பத்து நான்கு. சோரியாங்குப்பம் எல்லையில் முப்பத்தைந்து.

பூட்டைத் திறந்தார்கள். இருட்டில் ஒன்பது பச்சைப் புள்ளி. பாசி வாடை மூக்கை அடைத்தது. காற்று கொஞ்சமும் இல்லை, தூளி ஆடிக்கொண்டிருந்தது. கிரீச்... கிரீச்... சேலை பாரத்தில் இறுகித் தொங்கியது. அடியில் ஒரு முழங்கை முட்டிக்கொண்டு தெரிந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. அது நிற்க நிற்கக் கையிலிருந்த குழந்தை மறுபடியும் குளிர்ந்தது. கலைச்செல்வன் அசையாமல் நின்றான். சுவேதாதான் முன்னால் போனாள். பிள்ளையை ஒரு கையால் மார்போடு பிடித்துக்கொண்டு, மறு கையால் தூளியைத் தள்ளினாள்.

"சரிடா... சரி... தூங்கு."

அவள் பிள்ளை அந்த ராத்திரியில் முதல் தடவையாக வீறிட்டு அழுதான். உடம்பு சுட்டது. அவளும் அழுதாள், ஆனால் கையை நிறுத்தவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பூசாரி வந்து பார்த்தார், பாதிரியார் வந்து ஜெபித்தார். தூளியை அவிழ்க்கக் கை வைத்தாலே பிள்ளைக்குப் பல் கிட்டிவிடுகிறது. வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான், ஓடுகிறான், பேசுகிறான். எடை மட்டும் ஏழு கிலோவைத் தாண்டவில்லை. சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் அந்த வீட்டில் கேட்பதில்லை. சேலை இரண்டு தடவை கிழிந்து, இப்போது தார்ப்பாயில் கட்டியிருக்கிறார்கள். போன வாரம் மேலே இருக்கிற கொக்கி வளைந்துவிட்டது. இரும்புக் கொக்கி, விரல் தடிமன்.

தூளி அறுந்து விழுந்தால் பிள்ளை என்ன ஆவான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கு நான் இதைச் சொல்கிறேன். நம்மில் வெல்டிங் தெரிந்தவன் நீ ஒருவன்தான், புகழ்வேந்தா. உன்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னான் நவீன். வேலை பத்து நிமிடம்தான். பகலில் முடியாது, பகலில் அது தூளிக்குள்ளேயே படுத்திருக்கும். ராத்திரி, முன்பு தூளிக்கு வந்து சேர்ந்த அதே ஒன்று இருபதுக்கு இப்போது இறங்கி வாசல் வழியாக வெளியே போகிறது, இப்போதெல்லாம் நடந்தே. போகிற நேரம் ஒரு நாளும் மாறியதில்லை.

திரும்பி வருகிற நேரம்தான் கிராஃபில் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இல்லை.