பதினேழாம் வரியில் என் தம்பி

1. ரங்கூன். 1988 செப்டம்பர். திங்கள்கிழமை, மதியம் ஒன்று நாற்பது. ராணுவம் ஆட்சியைக் கையில் எடுத்த மறுநாள். ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை.

2. பின்னால் லாரியின் பின்கதவு விழுகிறது. இரும்பின் மேல் இரும்பு. இரண்டு வினாடி. அதன்பின் சுடுகிறார்கள். முதலில் ஒன்றொன்றாக. பிறகு இடைவெளி இல்லை.

3. தம்பி கத்துகிறான். "குனிஞ்சு ஓடு லாத்தா. தலயத் தூக்காத." அக்காவை அவன் லாத்தா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி மாணவன். ஊர்வலத்தில் இருந்தவன், என்னைப் பார்த்து ஓடி வந்தான். நான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

4. சந்து முனை. அவன் நிற்கிறான். அவன் வகுப்புத் தோழன் ஒருவன் தெருவில் கிடக்கிறான். காலில் குண்டு. "போகாத" என்கிறேன். "நீ டூட்டிக்குப் போ. லேட்டானா உங்க பெரிய டாக்டர் அழுவாரு." திரும்பி ஓடுகிறான்.

5. ஒன்று ஐம்பத்தைந்து. ஆஸ்பத்திரியின் பின்வாசல். நான் எக்ஸ்ரே பிரிவில் தொழில்நுட்பர். படமெடுக்கும் மேசையில் ஏற்கெனவே ஒருவர் கிடக்கிறார்.

6. மூன்று பத்து. தள்ளுவண்டியில் அவனைக் கொண்டுவருகிறார்கள். மார்பின் வலப்பக்கம்.

7. படம் எடுத்தேன். அது என் வேலை.

ஏழாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மார்பைப் படமெடுக்கும்போது நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முறை பர்மியில் சொல்லும் வாக்கியம். அவனிடமும் பர்மியிலேயே சொன்னேன். அவன் கண்ணைத் திறந்தான். "என்கிட்டயுமா பர்மியில பேசுவ?" என்றான். மூச்சைப் பிடித்தான். படம் தெளிவாக வந்தது. மூன்று நாற்பதுக்கு இறந்தான். மாலை ஐந்தரைக்கு ராணுவ லாரி வந்தது. பிணவறையில் இருந்த எல்லோரையும் ஏற்றினார்கள். எங்கே என்று சொல்லவில்லை. கேட்ட சிப்பந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள்.

செவ்வாயும் புதனும் வேலை செய்தேன். வேறு யாருக்கும் அந்தக் கருவியை ஓட்டத் தெரியாது.

வியாழனன்று உத்தரவு வந்தது. பதிவேடுகளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படம் கழுவும் இருட்டறைக்குள் போய்த் தாழிட்டேன். சிவப்பு விளக்கு. பிலிம் உறையின் பழுப்புத் தாள். பென்சில். அந்த மூன்று நாளில் நான் படமெடுத்தவர்களில் இறந்தவர்களை மட்டும் எழுதினேன். பெயர், வயது, குண்டு பாய்ந்த இடம், நேரம். நாற்பத்தொரு பேர். பதிவேட்டில் இருந்ததை இருந்தபடியே எழுதினேன். நாங்கள் அப்படித்தான் பழக்கப்பட்டவர்கள். பதினேழாவது வரி: மவுங் தீன், 19, மார்பு வலம், 3.10.

மவுங் தீன் என் தம்பி. வீட்டில் அவன் ஜமால். ரங்கூனில் எங்கள் ஆட்கள் அநேகம் பேருக்கு இப்படித்தான். வீட்டுக்கு ஒரு பெயர். பள்ளிக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு பர்மியப் பெயர். அவன் சட்டைப்பையில் கல்லூரி அட்டை இருந்தது. குமாஸ்தா அதைப் பார்த்து எழுதினார். நான் அதைப் பார்த்து எழுதினேன். பக்கத்தில் வீட்டுப் பெயரையும் எழுதியிருக்கலாம். தோன்றவில்லை. அது என் முதல் தவறு.

இரண்டு மாதத்தில் எனக்கும் உம்மாவுக்கும் பயணத்தாள் கிடைத்தது. வாப்பா இறந்து ஆறு வருடமாகிறது. வேறு யாரும் இல்லை. கல்கத்தா. மதராஸ். கொச்சி. பிலிம் உறையைச் செருப்பு சுற்றிய தாளாகக் கொண்டுவந்தேன். சோதித்தவர்கள் செருப்பைத் தட்டிப் பார்த்தார்கள். தாளைப் பார்க்கவில்லை.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடியில் உம்மாவின் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாகச் சுக்கு வியாபாரம். கிடங்குக்கு மேலே எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார். காலை ஒன்பது மணிக்குக் கீழே லாரிகள் வரும். பின்கதவு விழும். நான் இரண்டு வினாடி எண்ணுவேன். பிறகு மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் குரல் வரும். பள்ளுருத்தியில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் வேலை கிடைத்தது. மலையாளம் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வேன்.

மாமா வானொலி வைத்திருந்தார். வெளிநாடுகள் என்ன சொல்கின்றன என்று தினமும் கேட்டோம். ஆழ்ந்த கவலை. கண்டனம். சில நாடுகள் உதவியை நிறுத்தின. சில மாதங்களில் ஒரு நாடு மறுபடி தொடங்கியது. மாமா சொன்னார். "இவங்க கவலைப்பட்டே மெலிஞ்சு போவாங்க மோளே. நீ சாயா குடி."

ஐரோப்பாவில் ஒரு மனித உரிமைக் குழு இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டுகிறது என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். அரசுகள் கூடும் கூட்டம் ஒன்றில் அதை வைக்கப் போகிறார்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெயர் யாரும் சொல்லவில்லை. என்னிடம் பெயர் இருந்தது. நாற்பத்தொன்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்து அவர்களின் அறிக்கை வரைவு வந்தது. திருத்தம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தார்கள். பின்னிணைப்பில் என் பட்டியல். முதலில் எண்ணிக்கையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்திரண்டு. கடைசி வரி: ஜமால், 19, மாணவன், திங்கள்கிழமை, மார்பில் குண்டு. தகவல்: உறவினர், கொச்சி.

கீழே இறங்கிப் போனேன். மாமா சுக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார்.

"நீங்களும் எழுதினீங்களா?"

"எழுதினேன். நீ எழுதறதா சொல்லவே இல்லயே. எம் மருமவன் பேரு உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?"

"பதினேழுல இருக்கான் மாமா."

தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். லாரியில அள்ளிட்டுப் போன மையித்துல எத்தனையோ பேருக்குப் பேரே இல்ல. அதுல ஒருத்தனுக்கு இவன் பேரு போகட்டும்."

"ரிஜிஸ்தர் ராணுவத்துகிட்ட இருக்கு. ஒண்ணு பொய்யின்னு காட்டினா, மிச்சத்தையும் பொய்யின்னுடுவாங்க."

"அப்ப நீயே காட்டிக் குடுக்கப் போற. அவங்களுக்கு வேலை மிச்சம்."

அன்றைக்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. சாப்பிட வரச் சொல்வதைக்கூட உம்மாவிடம் சொல்லுவார்.

எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் ஒரு பொய் இருக்கும். யாரும் கண்டுபிடிக்காமலும் போகலாம். எழுதினால் கூட்டத்துக்கு முன் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஐந்தாம் நாள் எழுதினேன். 17ம் 42ம் ஒரே ஆள். என் தம்பி. ஒரு வரியை நீக்கவும்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. அன்பான கடிதம். நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். எந்தப் பெயரை நீக்குவது என்று கேட்டிருந்தார்கள். ஒரு பிழை தெரிந்துவிட்டதால் பட்டியல் முழுவதையும் நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது சாட்சி வேண்டும். குடும்பத்தைச் சேராதவர். நேரில் பார்த்தவர்.

கூட்டம் அடுத்த மாதம் நடந்தது. வானொலியில் கேட்டோம். பட்டியல் மேசைக்குப் போகவில்லை. ராணுவ அரசின் பிரதிநிதி பேசினார். கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர்களில் ஒருவருடைய பெயரையாவது யாரும் காட்டவில்லை என்றார். ஆழ்ந்த கவலை தெரிவிக்கப்பட்டது. மாமா எழுந்து போய் வானொலியை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எந்தப் பெயர் என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. என்றாவது யாராவது அந்தப் பதிவேட்டைத் திறந்தால் அதில் இருப்பது மவுங் தீன். அதனால் அதை வைத்தேன். மற்றதை நீக்கச் சொன்னேன். தபாலில் போடுவதற்கு முன் பட்டியலை வாசித்துக் காட்டும்படி உம்மா கேட்டாள். வாசித்தேன். நாற்பத்தொன்றும் முடிந்தது. உம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"எம் மவன் எங்க?"

"சொன்னேனே உம்மா. பதினேழு."

"அது பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட பேரு."

"ஆமா."

"நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

பிறகு சாட்சி தேடினேன். மதராஸில் இருக்கும் ஒரு நர்ஸ் பதினோரு பேரை நினைவு வைத்திருந்தார். பாங்காக்கிலிருந்து ஒரு வார்டு சிப்பந்தி ஒன்பது பேரை எழுதினார். எல்லைக் காட்டுக்குத் தப்பிப்போன ஒரு மாணவன் அங்கிருந்து மூன்று பேரை எழுதினான். அவனிடம் தம்பியைப் பற்றிக் கேட்டேன். ஊர்வலத்தில் பார்த்ததாகச் சொன்னான். விழுந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன் என்றான். சரி என்று பதில் எழுதினேன். பதிவேடு எழுதிய குமாஸ்தா எங்கே என்றும், காலில் குண்டு பட்ட அந்தத் தோழன் உயிரோடு இருக்கிறானா என்றும் யாருக்கும் தெரியவில்லை. பதினாறு கடிதம் போட்டிருக்கிறேன். நான் படமெடுத்தவள், ஆனால் அக்கா. மாமா அங்கே இல்லை. உம்மா அங்கே இல்லை.

கடைசிக் கடிதங்களுக்கு உறை எழுதித் தந்தது மாமாதான். இப்போது என்னிடம் பேசுகிறார். அதிகமில்லை.

இன்றைய நிலை இது. ராணுவம் ஆட்சியில் இருக்கிறது. வீடு போயிற்று. குடியுரிமை எந்த நாட்டிலும் இல்லை. எக்ஸ்ரே படங்கள் அவர்களிடம் இருக்கின்றன, எரிக்கப்படாவிட்டால். நாற்பத்தொரு உடல்களில் ஒன்றுகூடத் திருப்பித் தரப்படவில்லை. என் பட்டியலில் இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர். இருபத்துமூன்று பேருக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. அவர்கள் பெயர் அடுத்த அறிக்கையில் வரும். பதினெட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை. என் தம்பி அந்தப் பதினெட்டில் ஒருவன்.