வீரமுத்து தூக்கிய கை

லாப்டாப்பில் இருக்கும் அந்தச் சின்னக் கேமராவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை, சார். கடுகளவு கண். எதிரில் இருப்பவன் அதைப் பார்த்துப் பேசுகிறானா, என்னைப் பார்த்துப் பேசுகிறானா என்று தெரியாது. நான் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன். முகத்துக்கு நேரே பார்க்காத ஆளை நம்பிப் பழக்கமில்லை.

ஆனாலும் கமிட்டிக் கூட்டமெல்லாம் அதில்தான் என்று ஆகிவிட்டது. பழைய தோட்டத்து ஆட்கள் ஏழு பேர். நான் ராசா டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். வீரமுத்து லிங்கியில் மகளோடு. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம். ஒரே இடத்தில் கூட வேண்டுமென்றால் யாராவது கார் எடுத்துக்கொண்டு எல்லா வாசலிலும் நிற்க வேண்டும்.

தோட்டத்தில் இப்போது மிச்சம் இருப்பது முனியாண்டி கோயிலும் சுடுகாடும்தான். சுடுகாடு என்று பேர், ஆனால் எரித்ததைவிடப் புதைத்ததுதான் அதிகம். நிலத்தை வாங்கிய கம்பெனி கோயிலை விட்டுவிட்டது. சுடுகாட்டை மட்டும் காலி செய்து கொடுங்கள் என்றது. எலும்பையெல்லாம் எடுத்து, ஒன்றாகக் கொளுத்தி, போர்ட்டிக்சன் கடலில் கரைத்துவிடலாம் என்று மூன்று பேர். கூடவே கூடாது என்று நானும் இன்னும் இரண்டு பேரும். மிச்சம் வீரமுத்து.

என் மனைவி தாயம்மா அங்கேதான் இருக்கிறாள். வீரமுத்து அவளுடைய தம்பி. அவளுக்குக் குழி வெட்டியவனும் அவன்தான். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டு வெட்டு என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த மாதிரி ஆள். வேறு எவனாவது எங்களுக்கு எதிராகக் கை தூக்கியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவனிடம் சத்தியம் கேட்டேன். கோயிலுக்கு வந்து செய்ய அவனுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை, இருதய நோய்க்காரன். அதனால் கேமராவிலேயே செய்தான். தட்டில் சூடம் ஏற்றி, அந்தக் கண்ணுக்குக் கிட்டத்தில் காட்டி, “அக்காவ அங்கேருந்து எடுக்க விடமாட்டேன் மச்சான்” என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கையைச் சுட்டுக்கொண்டு உதறினான். “முனியாண்டி வீட்டுல லைன் இருக்குமா? இல்லன்னா நான் சும்மா சுட்டுக்கிட்டேன் லா” என்றான். நானும் சிரித்தேன். சாமியே இல்லாத இடத்தில் அடித்த சூடம். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செயலாளர் ரவிச்சந்திரன் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியின் மகன், மரியாதை தெரிந்தவர். சுடுகாடு அங்கேயே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நாங்கள் மூன்று பேர் தூக்கினோம். வீரமுத்து சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு, எடுத்துவிடலாம் என்பவர்கள் என்றார். மூன்று கை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து வீரமுத்துவின் கையும் எழுந்தது. சூடம் அடித்த அதே கை. ரவிச்சந்திரன் எண்ணினார், முடிந்தது என்றார். ஒவ்வொரு முகமாக மறைந்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே போகத் தெரியாது. பிள்ளைகள் வந்துதான் மூட வேண்டும். என் மகன் காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தான். வீரமுத்துவின் மகள் புஷ்பவள்ளி சுங்கை காடுட்டில் பேக்டரி வேலைக்குப் போயிருந்தாள். இது எப்போதும் உள்ளதுதான். மற்றவர்கள் போன பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். ரவிச்சந்திரனும் நல்ல மனசோடு எங்களுக்காகத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போவார். அன்றைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருக்க மாட்டேன்.

எதற்குத் தூக்கினாய் என்று கேட்டேன். பதில் வர நேரம் ஆனது.

“நான் உன் பக்கந்தான் மச்சான் தூக்குனேன்.”

என் கண்ணால் பார்த்ததை என்னிடமே இல்லை என்கிறான். முகம் வேர்த்திருந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வேர்க்கும்தானே. பிறகு நெஞ்சைப் பிடித்தான். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்தான். கைப்போன் அடுப்படியில் கிடக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை, புஷ்பாவைக் கூப்பிடு என்றான்.

என் போன் என் கையில்தான் இருந்தது. அதை அவனுக்குத் தெரியும்படி கேமரா முன்னால் தூக்கிக் காட்டினேன்.

“எவன் சொல்லித் தூக்குனன்னு சொல்லு. இப்பவே போடுறேன்.”

நான் கேட்டது அவ்வளவுதான். அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். உன் பக்கந்தான், அக்கா மேல சத்தியமா உன் பக்கந்தான் என்று. விற்றுவிட்டு வந்து அவள் பேரையே இழுக்கிறான். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நான் சத்தம் போடவில்லை. நீங்களே பதிவில் பார்த்திருப்பீர்கள்.

அந்த நேரம் பார்த்து புஷ்பவள்ளியே கூப்பிட்டாள். பேக்டரியில் சாப்பாட்டு நேரம் போல.

“அப்பா போன் எடுக்கல மாமா. பக்கத்து வீட்டு அங்கிளப் போய்ப் பாக்கச் சொல்லவா?”

“எதுக்கும்மா. என்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்கான். நீ சாப்புடு லா.”

அதில் பொய் இல்லை, சார். அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான், குரல்தான் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கார் உண்டு. கிளினிக் கிட்டத்தில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

அவள் வைத்த பிறகு மறுபடியும் கேட்டேன். அவன் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். இப்போது யார் பக்கம் தூக்குகிறாய் என்றேன். கை விழுந்தது. தலை மேசைக்கு வந்தது. மகன் பசாரிலிருந்து வரும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போக மனம் வரவில்லை.

ரவிச்சந்திரன் இங்கே வந்து எனக்கு விளக்கினார். லிங்கியில் அவன் வீட்டு லைன் மோசமாம். படம் நின்று நின்று, பிந்தித்தான் வருமாம். முதல் கேள்விக்கே அவன் கை தூக்கிவிட்டானாம். அது எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டாகிவிட்டதாம். பதிவைப் போட்டும் காட்டினார். எல்லாரும் வணக்கம் சொல்லி முடித்து, பேச்சு பாதி நடக்கும்போதுதான் வீரமுத்து கும்பிடுகிறான். தான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லி அழுதார், பாவம். கமிட்டி அந்த ஓட்டைத் தள்ளிவிட்டு, அவனை என் பக்கம் எழுதிக்கொண்டதாம். தாயம்மாவை இனி யாரும் தொட மாட்டார்கள்.

படித்தவர்கள் மிஷினுக்குப் பரிந்து பேசுவார்கள். லைன் மோசம், காற்று மோசம் என்று ஆயிரம் சொல்லலாம். பால் மரம் வெட்டாமல் உட்கார்ந்துவிட்டு மழை என்று சொன்னவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், சார். அது தப்பு செய்தவன் முகம்.

நேற்று புஷ்பவள்ளி வந்திருந்தாள். நீங்கள்தான் என்னைப் பார்க்க விட்டீர்கள். அழவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்பா கடைசியா என்ன மாமா சொன்னாரு?”

பெற்றவனைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது. கடைசி மூச்சு வரைக்கும் பொய்தாம்மா சொன்னான் என்று சொல்லிவிட்டேன்.