இமை காத்த கண்

தலையணை உறையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் அது என் வேலை. படுக்கை, துணி, சமையல் எல்லாமே என் பொறுப்புதான். அம்மாவும் அப்பாவும் போனபோது சின்னவளுக்கு நாலு வயது, எனக்கு இருபது. "கண்ணை இமை காக்குற மாதிரி தங்கச்சியைப் பாத்துக்கிறா" என்று தெருவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாரன்டுலாக்களைப் பராமரிப்பவள் நான். உள்ளங்கை அகலச் சிலந்திகள், முப்பத்தொரு கண்ணாடிப் பெட்டிகள். எல்லோரும் கடிக்குத்தான் பயப்படுவார்கள். அது குளவி கொட்டியதுபோல் வலித்து அடங்கிவிடும். பயப்பட வேண்டியது வயிற்றின் மேலிருக்கும் முடிக்கு. சீண்டினால் பின்னங்காலால் தேய்த்து அதைக் காற்றில் தூவிவிடும். ஒவ்வொரு முடியிலும் கண்ணுக்குத் தெரியாத முள். கண்ணில் பட்டால் வெளியே வராது. நாளுக்கு நாள் உள்ளே நகரும். அதனால்தான் பெட்டியைத் திறக்கும்போது கண்ணுக்குக் கவசம் போடுவேன். சிலந்தி உரித்துப் போடும் சட்டையிலும் அந்த முடி ஒட்டியிருக்கும். சட்டையைப் பத்திரமாக எரித்துவிட வேண்டும் என்பது விதி. சிலவற்றை நான் எரிக்கவில்லை.

சின்னவளுக்கு இருபத்தாறு வயதில் ஒரு மாப்பிள்ளை அமைந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், அமைதியான பையன். கல்யாணம் முடிந்ததும் வேறு ஊருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். அவள் பெட்டிக்குத் துணி மடித்துக் கொடுத்ததே நான்தான். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே யார் பார்ப்பார்கள் என்று மட்டும் யோசித்தபடி மடித்தேன்.

கண் கொஞ்சம் சிவந்தால் தேதி தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள். நானும் அளந்துதான் போட்டேன். அவள் வலது பக்கம் சாய்ந்து படுப்பவள்.

மூன்று மாதத்தில் வலது கண் பார்வை போனது. கண் டாக்டர் கருவிழிக்குள் எடுத்த படத்தை என்னிடமே காட்டினார்.

"நீங்க இதே வேலையில இருக்கறவங்க. இது எதோட முடின்னு தெரியுதா?"

"கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு டாக்டர். எங்க வாசல் மரத்துல நிறைய."

மறுநாளே ஆள் வைத்து அந்த மரத்தை வெட்டினேன்.

மாப்பிள்ளை வந்தான். "ஒரு கண்ணு போனா என்னக்கா? தேதியை மாத்த வேணாம்" என்றான். நல்ல மனசு. டீ போட்டுக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன். வலது கண்ணில் கட்டு இருந்ததால் சின்னவள் அப்போது இடது பக்கம் திரும்பிப் படுக்கப் பழகியிருந்தாள். அன்று மதியமே உறையை மாற்றினேன். வாரம் முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

டாரன்டுலாவுக்கு எட்டுக் கண்கள், ஆனாலும் பார்வை மங்கல்தான். தரையின் அதிர்வை வைத்தே யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளும். சின்னவளும் அப்படி ஆகிவிட்டாள். வெறுங்காலோடு, மூச்சை அடக்கிக்கொண்டு கதவருகே நிற்பேன். அவள் முகம் மெல்ல என் பக்கம் திரும்பும்.

போன வாரம் ஒரு மத்தியானம் கேட்டாள். "அக்கா, எதுக்கு அங்கேயே நிக்கிற?"

"துணி எடுக்க வந்தேம்மா."

"உறை மாத்துறப்போ நீ முகத்துல ஏதோ மாட்டுவியே. ரப்பர் பட்டை சுண்டுற சத்தம் கேக்கும். அது எதுக்கு?"

அவளுடைய புடவை ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னும் என்னக்கா வேணும் உனக்கு? எங்கிட்ட எடுக்க வேற என்ன இருக்கு?"

அவள் குரலை உயர்த்தவேயில்லை. அதன்பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. கவசத்தை மாட்டும்போதெல்லாம் பட்டை சுண்டுகிறது. முப்பத்தொரு பெட்டிகளிலும் எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவதுபோல் இருக்கிறது. அதனால்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் நேற்றே அந்தப் பையனோடு போய்விட்டாள் என்கிறீர்கள். அப்படி இருக்காது. கண் தெரியாதவள் எங்கே போவாள்? நான் எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு கண்ணும் என் கையால்தான் போயின. சீக்கிரம் எழுதி முடியுங்கள். ஆறு மணிக்கு அவளுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். என்னைத் தவிர யார் விட்டாலும் அவளுக்கு எரியும்.