பூட்டாத கோப்பு

— அந்த போனை எதுக்குக் கம்ப்யூட்டர்ல மாட்டி வச்சிருக்க? உங்க அண்ணனோடது அது.

— அண்ணன் அண்ணிக்குக் கொடுத்துட்டான்ப்பா. அவங்களைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கதான் கையிலேருந்து வாங்கி வச்சீங்க.

— நம்ம வீட்டுப் பொருள், நம்ம வீட்லதான் இருக்கணும்.

— இருக்கட்டும். எங்க ஆபீஸ்ல எழுதின ஆஸ்பத்திரி ஆப் இதுல இருந்திருக்கு. டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாத்தையும் போனுக்குள்ளயே ஒரு கோப்பா சேர்த்து வைக்கும். அதைப் பூட்டாமலே விட்டிருக்கோம்.

— பாஸ்வேர்ட் கேக்குமே?

— அது வாசக்கதவு. கொல்லைப்பக்கம் திறந்து கிடக்கு. அண்ணன் ஆப்பையே எடுத்துட்டான், கோப்பு அப்படியே இருக்கு. ஒரு வயரை மாட்டினேன், கடிதாசி மாதிரி படிக்க வருது.

— என்ன வருது?

— கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு எடுத்த டெஸ்ட். குழந்தைக்கு வழியே இல்லன்னு போட்டிருக்கு. கூட வந்தவர், அப்பான்னும் போட்டிருக்கு.

— குரலைத் தாழ்த்து.

— எல்லார் முன்னாடியும் அண்ணியை மலடின்னு சொன்னப்ப நீங்க குரலைத் தாழ்த்தலையேப்பா.

— ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினாளா அவ? தன்மேல குறை இல்லாதவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா போவா?

— இப்பவும் அவங்க குறைதானா?

— எனக்குப் பாடம் நடத்தாத. நாலு தலைமுறையா இந்த வீட்டைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சதில்ல. நாளைக்கு உங்க அண்ணனுக்குப் பொண்ணு கொடுக்கப் புது இடத்துலேருந்து பேச வர்றாங்க. அதை அழிச்சுடு.

— அழிச்சுட்டு? அந்தப் பொண்ணையும் இதே மாதிரி அனுப்பி வைப்பீங்களா?

— அழின்னு சொன்னேன்.

— இந்த ஒரு போன்ல அழிச்சு என்ன ஆகும்? எத்தனை வீட்டு விஷயம் இப்படித் திறந்து கிடக்கோ. கோப்பையே புரியாத எழுத்தா மாத்தி, சாவியைத் தனியா வைக்கணும். எங்க தப்பு, நாங்கதான் சரி பண்ணணும்.

— ஊர்ல இத்தனை போன் இருக்கு. இதை மாட்டிப் பாருன்னு உனக்கு யார் சொன்னா? வெளியாள் எவனாவது படிச்சுட்டானா? யாருன்னு சொல்லு, நானே போய்ப் பேசிக்கிறேன்.

— பேசுவீங்களா?

— இந்த வீட்டு மானத்துக்காக யார் கால்லயும் விழுவேன்.

— அப்ப அண்ணி கால்ல விழுங்க. இந்த போன்லேருந்து போட்டோவைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறப்பவே அந்தக் கோப்பைப் பார்த்துட்டாங்களாம். போற அன்னைக்கு வாசல்ல என் கையைப் பிடிச்சு, 'உங்க ஆப்புல பூட்டு இல்லம்மா, உங்க அண்ணனைப் பத்தி வேற யாரும் படிக்கறதுக்குள்ள பூட்டிடு'ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க.