வலைக்குள் தொங்கிய சங்கம்

என் பேச்சு தொடங்கும் முன்பே மணியின் மேல் கை வைத்துவிட்ட தலைவர் அவர்களே, தோள் கொடுத்துத் துறைமுகத்தைத் தாங்கிய பெரியோர்களே, அந்தத் தோள்களுக்குத் தைலம் தேய்த்தே கை தேய்ந்த தாய்மார்களே, வணக்கம்.

கண்ணாடி அறையில் திரையைப் பார்த்துக் கிரேன் ஓட்டும் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று இன்று வாக்கெடுப்பு. அதற்கு முன் ஒரு சரித்திரம் கேளுங்கள்.

நம் சங்கம் எங்கே பிறந்தது? மண்டபத்திலா? மைதானத்திலா? மரத்தடியிலா? இல்லை ஐயா. அந்தரத்தில் பிறந்தது. சரக்கு தூக்கும் கயிற்றுவலைக்குள் பிறந்தது. சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் மாமனாரும் அதற்குள் இருந்தவர்தான்.

அந்நாளில் தரையில் கூட்டம் போட்டால் வேலை போகும். கப்பலில் போட்டாலும் போகும். ஆகாயத்தைப் பற்றி மட்டும் விதி வாய் திறக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் கொக்கிக்காரர். கொக்கி போட்டு மூட்டை தூக்குவதில் கெட்டிக்காரர். சாப்பாட்டு நேரத்தில் செயற்குழு வலைக்குள் ஏறும். கிரேன் ஓட்டும் அவருடைய மைத்துனர் மேலே தூக்குவார். கூட்டம் முடிந்ததும் இறக்குவார்.

ஒருநாள் வலை மேலே தொங்கும்போது மைத்துனர் கிரேன் அறை ஜன்னலைத் திறந்து கேட்டார்: "அத்தான், என்னை எப்ப சங்கத்துல சேப்பீங்க?"

"நீ உக்காந்து வேலை பாக்குறவன் மச்சான். உனக்குச் சங்கம் எதுக்கு?"

"அப்படியா? சேக்குற வரைக்கும் இறக்க மாட்டேன். வேலைநிறுத்தம்."

ஆக, நம் சங்கம் கண்ட முதல் வேலைநிறுத்தம் சங்கத்தையே எதிர்த்து நடந்தது. எந்த நாட்டுச் சரித்திரத்தில் உண்டு இந்தச் சிறப்பு? அங்கேயே வாக்கெடுப்பும் நடந்தது. சேர்க்கலாம் என்று கை தூக்கியவர்கள் பிடி தவறி, வேண்டாம் என்றவர்களின் மடியில் விழுந்தார்கள். உயர்ந்த கை ஒன்றும் மிஞ்சாமல் தீர்மானம் தோற்றது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். "இறக்குய்யா அவங்கள. கால் தரையில பட்டதும் ஒவ்வொருத்தனுக்கா சீட்டைக் கிழிக்கிறேன்" என்றார்.

இறக்கினால் அத்தனை வீட்டு அடுப்பும் அணையும். இறக்கும் பிடி யார் கையில்? சற்றுமுன் இவர்கள் அவமானப்படுத்திய அதே ஆளின் கையில்.

"முடியாது சார். நான் வேலைநிறுத்தத்துல இருக்கேன்" என்றார் அவர்.

"உன்னை மதிக்காதவங்களுக்காக உன் வேலையும் போகணுமா?"

"அது எங்களுக்குள்ள சண்டை சார். நீங்க நடுவுல வராதீங்க."

இதற்கொரு கைதட்டல் போடுங்கள் ஐயா.

கப்பல் புறப்பட வேண்டும். இருப்பதோ ஒரே கிரேன். அது நிறையச் செயற்குழு. வேறு வழியின்றி மேனேஜர் அண்ணாந்தபடியே பேச்சுவார்த்தை நடத்தினார். மேலிருந்து கோரிக்கை இறங்கியது. கீழிருந்து மறுப்பு ஏறியது. மூட்டையின் கனத்தைக் குறை என்றபோது அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மாட்டேன் என்று தலையை ஆட்ட முடியவில்லை. அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில், "யாரையும் வேலைய விட்டு நிறுத்தல. உங்க தலைவர் யாரு, அதையாவது சொல்லுங்க" என்றார்.

வலையிலிருந்த அத்தனை கைகளும் கிரேன் அறையைக் காட்டின. முதலில் நீண்டது கொக்கிக்காரரின் கை. கண் கலங்கச் சொன்னார்: "தலைவரே, இப்பவாச்சும் இறக்குங்க."

என்ன, பின்வரிசையில் ஏதோ கேட்கிறீர்கள்? "ஏசி ரூம்ல உக்காந்திருக்கவனுக்குச் சங்கம் எதுக்கு" என்றா? யார் ஐயா அது, எழுந்திருங்கள் பார்ப்போம். மேலேறி ஓட்டும் நம் பழைய கிரேன்காரரா? அட, உங்களைச் சேர்க்கத்தானே ஐயா அத்தனை பேர் அந்தரத்தில் தொங்கினார்கள்?

உட்காருங்கள். உட்கார்ந்தே கையைத் தூக்கினால் போதும். கேட்டிருந்த காதுகளுக்கும், இனி உயரப்போகும் கைகளுக்கும் என் நன்றி, வணக்கம்.